புதுக் கம்ப்யூட்டர், பழைய பிரிண்டர்: சேர்த்து வைப்பது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. திரை பளிச்சென்று இருக்கிறது. ஆன் செய்த சில நொடிகளில் விண்டோஸ் வந்து நிற்கிறது. ஆனால் மேஜை மூலையில் இருக்கும் பழைய பிரிண்டர் மட்டும் அசைய மறுக்கிறது. கடையில் கேட்டால், "இதெல்லாம் ரொம்பப் பழசு சார், இனிமே ஓடாது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். நாமும் நம்பி விடுகிறோம்.

அவசரப்பட வேண்டாம். இப்படி ஒதுக்கப்படும் பிரிண்டர்களில் பல உண்மையில் பழுதானவை அல்ல. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் இடையில் ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கும். அது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம். நான் அண்மையில் பட்ட அனுபவத்தையும், செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

குடிகாட்டிலிருந்து வந்த போன்

எங்கள் ஊர் குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட்டை ஒட்டிய கிராமம். அங்கே என் பெரியப்பா ஒரு சிறிய எடை மேடை நடத்துகிறார். லாரி மேடையில் ஏறும். டிஸ்ப்ளேயில் தெரியும் எடையை அவர் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் படிவத்தில் டைப் செய்வார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டு மூன்று பிரதியில் சீட்டு தரும். ஒன்று டிரைவருக்கு, ஒன்று சரக்குக்காரருக்கு, ஒன்று நம் பைலுக்கு.

கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் 2009-ல் சேர்த்து வாங்கினார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கூரை ஷீட் பறந்தது. பிரிண்டரை மட்டும் உரச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்துக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட பிரிண்டர். போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். மறுநாளே எனக்குப் போன்.

"தம்பி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. புதுக் கம்ப்யூட்டர்தான் அதைக் கண்டுக்க மாட்டேங்குது. கையால சீட்டு எழுதிக் குடுக்குறேன். கம்பெனி கேட்ல ஏத்துக்க மாட்டேங்குறாங்க."

புதிதாக ஒரு இங்க்ஜெட்டோ லேசரோ வாங்கித் தந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்க்ஜெட் மையைத் தெளிக்கிறது. லேசர் டோனர் பொடியைச் சூட்டில் ஒட்டுகிறது. இரண்டும் பேப்பரைத் தட்டுவதில்லை. கார்பன் பிரதி விழ வேண்டும் என்றால் ஊசி வந்து தட்ட வேண்டும். அதற்கு டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும். புதிய டாட் மேட்ரிக்ஸின் விலையோ, பெரியப்பா கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பணத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

சரி, சாப்ட்வேர் என்ஜினியர்தானே, ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரி செய்து விடலாம் என்று பஸ் ஏறினேன்.

மூன்று கேள்விகள்

எந்தப் பழைய பிரிண்டராக இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

1. பிரிண்டர் தனியாக வேலை செய்கிறதா?
2. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் இடையில் பாதை இருக்கிறதா? (கேபிள், போர்ட்)
3. கம்ப்யூட்டர் பேசும் மொழி அதற்குப் புரிகிறதா? (டிரைவர்)

வரிசை முக்கியம். நான் செய்த முதல் தவறு, மூன்றாவது கேள்வியில் தொடங்கியது. ஒரு மணி நேரம் இண்டர்நெட்டில் டிரைவர் தேடிய பிறகுதான் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதில் யுஎஸ்பி போர்ட்டே இல்லை!

முதல் படி: செல்ப் டெஸ்ட்

பிரிண்டரிலிருந்து கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றி விடுங்கள். பேப்பர் வையுங்கள். இப்போது பிரிண்டர் தானாகவே ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் எல்எப் / எப்எப் என்று எழுதிய பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் சுவிட்சைப் போட்டால், எழுத்துகளை வரிசையாக அடிக்கத் தொடங்கும். லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் முன்பக்கமுள்ள பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் சோதனைப் பக்கம் வரும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

சோதனைப் பக்கம் நன்றாக வந்தால் பிரிண்டர் நலம். குறை வேறிடத்தில் இருக்கிறது. மங்கலாக வந்தால் ரிப்பனையோ டோனரையோ மாற்றிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குமுன் டிரைவர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பெரியப்பாவின் பிரிண்டர் இந்தத் தேர்வில் தடையின்றித் தேறியது. "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

இரண்டாம் படி: கேபிளும் போர்ட்டும்

பழைய பிரிண்டர்களில் இருப்பது பேரலல் போர்ட். சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1970-ல் கொண்டு வந்த இணைப்பு முறை இது. பிரிண்டர் பக்கம் 36 தொடர்புகள் கொண்ட அகலமான சாக்கெட். இரு பக்கமும் கம்பிக் கொக்கி இருக்கும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் 25 துளை கொண்ட போர்ட் வழக்கமாயிற்று. விண்டோஸ் இதை எல்பிடி1 என்று அழைக்கும். 1996-ல் யுஎஸ்பி வந்த பிறகு மெல்ல மெல்ல இந்தப் போர்ட் மறைந்தது. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்களில் இது இருக்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

யுஎஸ்பி டு பேரலல் கேபிள்: ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் 36 பின் சென்ட்ரானிக்ஸ். லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டுக்கும் ஏற்றது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது பிரிண்டரில் நேரே மாட்டும் 36 பின் முனைதானா என்று பார்த்து வாங்குங்கள். 25 பின் முனை கொண்டதும் விற்கிறார்கள். அதற்கு உங்கள் பழைய கேபிளும் கூடவே வேண்டும்.

பேரலல் கார்டு: டெஸ்க்டாப் பெட்டியைத் திறந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் கார்டு. உண்மையான பேரலல் போர்ட் கிடைக்கும். கார்டுக்கு விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. யுஎஸ்பி கேபிள் பிரிண்டருக்கு மட்டுமே பயன்படும். பேரலல் போர்ட்டில் செருகும் பழைய சாப்ட்வேர் லாக், பழைய ஸ்கேனர் ஆகியவை இதில் வேலை செய்யாது. இன்னொன்று: யுஎஸ்பி போலப் பேரலல் கேபிளைப் பவர் ஓடும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. பிரிண்டரை ஆப் செய்துவிட்டு மாட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் திறந்திருந்த இரண்டு கடைகளிலும் இந்தக் கேபிள் இல்லை. வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்பினேன். அந்த வாரத்தில், கையெழுத்துச் சீட்டு என்பதற்காக ஒரு லாரியைக் கேட்டில் திருப்பி அனுப்பி விட்டார்கள். டிரைவர் மறுபடி எடை போடப் பெரியப்பாவிடம் வராமல் வேறு மேடைக்குப் போய்விட்டார். போனில் பெரியப்பா கோபப்படவில்லை. "பரவாயில்ல தம்பி" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது. மறுநாள் மாலை ரிச்சி தெருவில் மூன்றாவது கடையிலேயே கேபிள் கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பே பிரிண்டரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். நீங்கள் யாருக்காவது உதவப் போகிறீர்கள் என்றால், முதலில் போர்ட்டின் போட்டோவையும் மாடல் எண்ணையும் வாங்கிக் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டிரைவர் என்னும் மொழிபெயர்ப்பாளர்

டிரைவர் என்பது மொழிபெயர்ப்பாளர். நீங்கள் வேர்டில் அடிக்கும் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருவது அதன் வேலை. விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கிடைத்த பழைய சிடி விண்டோஸ் 11-ல் ஏன் பலிப்பதில்லை?

எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலும் 32 பிட் விண்டோஸ்தான். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் இயங்காது. ஆகவே உங்களுக்கு வேண்டியது 64 பிட் டிரைவர். கம்பெனி இணையதளத்தில் விண்டோஸ் 11 என்று இல்லாவிட்டாலும் விண்டோஸ் 10, 8, 7 ஆகியவற்றுக்கான 64 பிட் டிரைவர் இருந்தால் இறக்கிப் பாருங்கள். பல நேரங்களில் வேலை செய்யும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று அறிய, செட்டிங்ஸ் சென்று சிஸ்டம், பின் அபவுட் கிளிக் செய்திடுங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியில் இருக்கும். அங்கே ஆர்ம் என்று இருந்தால் கவனம் தேவை. ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட புதிய லேப்டாப்கள் இந்த வகை. அவற்றுக்குச் சாதாரண 64 பிட் டிரைவரும் பொருந்தாது. ஆர்ம் 64 டிரைவர்தான் வேண்டும். பழைய பிரிண்டர்களுக்கு அது கிடைப்பது அரிது. வீட்டில் பழைய பிரிண்டர் இருப்பவர்கள் லேப்டாப் வாங்குமுன்பே இதைப் பார்த்துக் கொள்வது நல்லது.

உங்கள் பிரிண்டர் பேசுவது எந்த மொழி?

சரியான பெயரில் டிரைவர் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். மாடல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை பேசும் மொழிகள் சிலவே. அதே மொழி பேசும் வேறொரு டிரைவர் போதும்.

இஎஸ்சி/பி: எப்சன் நிறுவனத்தின் மொழி. டாட் மேட்ரிக்ஸ் உலகில் பெரும்பாலான கம்பெனிகள் இதையே பின்பற்றின. நம் ஊர் அலுவலகங்களிலும் பில் போடும் கடைகளிலும் நிறைந்திருக்கும் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசைப் பிரிண்டர்களும் எப்சன் மொழியைப் புரிந்து கொள்பவைதான்.

பிசிஎல்: ஹெச்பி 1984-ல் கொண்டு வந்த மொழி. அலுவலக லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் உண்டு.

போஸ்ட் ஸ்கிரிப்ட்: அடோபியின் மொழி, 1984. அச்சகம், பதிப்பகப் பிரிண்டர்களில் காணலாம்.

சொந்த மூளை இல்லாத பிரிண்டர்கள்: இவை விலை குறைந்த லேசர்கள். பக்கத்தைத் தயாரிக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரே செய்து, புள்ளிகளாக அனுப்ப வேண்டும். ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 ஆகியவை இந்த வகை. லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், தன் உள் சாப்ட்வேரைக் கூடக் கம்ப்யூட்டரிலிருந்துதான் பெற்றுக் கொள்கிறது. இவற்றுக்கு மாற்று டிரைவர் பொருந்தாது. கம்பெனி தரும் டிரைவர்தான் வேண்டும். ஆகவே அதை இறக்கிப் பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் பிரிண்டரின் மொழி என்ன என்பது செல்ப் டெஸ்ட் பக்கத்திலோ கையேட்டிலோ எமுலேஷன் அல்லது லாங்வேஜ் என்ற தலைப்பில் இருக்கும்.

டிரைவரை நாமே இணைப்பது

கேபிளை மாட்டிப் பிரிண்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்தால் நல்லது. இல்லையென்றால் கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. செட்டிங்ஸ் திறந்து புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் கிளிக் செய்திடுங்கள்.
2. ஆட் டிவைஸ் பட்டனை அழுத்துங்கள். சிறிது நேரம் தேடிய பின், நாமே சேர்ப்பதற்கான ஆட் மேனுவலி என்ற வரி வரும். அதைக் கிளிக் செய்யுங்கள்.
3. திறக்கும் விண்டோவில் கடைசியாக உள்ள, மேனுவல் செட்டிங்ஸ் என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.
4. போர்ட் கேட்கும். யுஎஸ்பி கேபிள் என்றால் யுஎஸ்பி001 என்று இருக்கும். பலரும் இங்கே எல்பிடி1-ஐ விட்டுவிட்டு அடுத்த விண்டோவுக்குப் போகிறார்கள். பிறகு எதுவும் அச்சாகவில்லை என்று தவிக்கிறார்கள். கார்டு போட்டவர்களுக்குத்தான் எல்பிடி போர்ட்.
5. இடப்பக்கம் கம்பெனி, வலப்பக்கம் மாடல் என்று பட்டியல் வரும். பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். விண்டோஸ் அப்டேட் என்ற பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பட்டியல் பெருகப் பல நிமிடங்கள் ஆகலாம். ஹேங் ஆகிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்.
6. டாட் மேட்ரிக்ஸ் என்றால் எப்சன் கம்பெனியைத் தேர்வு செய்து, 9 ஊசிப் பிரிண்டருக்கு எப்எக்ஸ் சீரிஸ், 24 ஊசிப் பிரிண்டருக்கு எல்க்யூ சீரிஸ் எடுத்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் 80, 136 என்று எண் இருக்கும். ஏ4 அகலப் பிரிண்டருக்கு 80. அகன்ற பிரிண்டருக்கு 136. பிசிஎல் லேசர் என்றால் மைக்ரோசாப்ட் என்ற தலைப்பின் கீழ் பிசிஎல்6 கிளாஸ் டிரைவர், போஸ்ட் ஸ்கிரிப்ட் என்றால் அங்கேயே பிஎஸ் கிளாஸ் டிரைவர் உள்ளது.
7. இறுதியில் டெஸ்ட் பேஜ் கொடுத்துப் பாருங்கள்.

நான் இங்கேயும் ஒரு தவறு செய்தேன். எல்க்யூ என்ற பெயர் காதில் விழுந்து பழகியதால் அதையே தேர்ந்தெடுத்தேன். பிரிண்டர் உற்சாகமாக ஓடி, அரைப் பக்கம் புரியாத குறிகளை அடித்துத் தள்ளியது. பெரியப்பா முகம் வாடிவிட்டது. ஆனால் எனக்கு அது நல்ல செய்தி! குப்பையாக வந்தாலும் ஏதோ வருகிறது என்றால் பாதை சரி, மொழிதான் தவறு. அந்தப் பிரிண்டர் 9 ஊசி. எப்எக்ஸ் சீரிஸ் 80 மாற்றியதும் டெஸ்ட் பேஜ் தெளிவாக வந்தது.

இதை நினைவில் வையுங்கள்: ஒன்றுமே வராவிட்டால் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். குப்பை வந்தால் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

தமிழ் மட்டும் ஏன் வரவில்லை?

பட்டியலில் ஜெனரிக் என்ற கம்பெனியின் கீழ் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒரு டிரைவர் உண்டு. எந்த டாட் மேட்ரிக்ஸிலும் வேகமாக ஓடும். ஆனால் அது எழுத்துகளின் எண்ணை மட்டும் அனுப்பும். எழுத்தின் வடிவத்தைப் பிரிண்டர் தன் நினைவிலிருந்து எடுத்து அடிக்கும். பிரிண்டரின் நினைவில் ஆங்கில எழுத்துகள்தான் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாக வரும்.

தமிழ் வேண்டும் என்றால் எப்எக்ஸ், எல்க்யூ போன்ற முழு டிரைவர்தான் வேண்டும். அது ஒவ்வொரு எழுத்தையும் படமாக்கிப் புள்ளி புள்ளியாக அடிக்கும். வேகம் குறையும். 9 ஊசியில் சிறிய அளவில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து, க்-கும் க-வும் ஒன்றாகிவிடும். 14 பாயிண்ட் அளவும் போல்டும் வைத்தால் தெளிவாக இருக்கும். விண்டோஸ் 11-ல் நிர்மலா யூஐ எழுத்துரு உடன் வருகிறது. பழகிய லதா வேண்டும் என்றால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் பீச்சர்ஸ் பகுதியில் தமிழ் சப்ளிமெண்டல் பாண்ட்ஸ் என்பதைச் சேர்த்துக் கொள்ளலாம்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கொண்டு வந்த தமிழ் பைல் திரையிலேயே ஆங்கிலக் குறிகளாகத் தெரிகிறதா? அது பிரிண்டரின் குற்றமல்ல. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் டைப் செய்த பைல் அது. அந்த எழுத்துருவையும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்து இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

பேப்பர் அளவு

அச்சு சரியாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னும் வெற்றுத் தாள் ஓடியது. காரணம், விண்டோஸ் ஏ4 என்று நினைத்துக் கொண்டிருந்தது. பெரியப்பாவின் கார்பன் பேப்பரோ 10 அங்குல அகலம், 6 அங்குல நீளம்.

இதற்குப் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ் கிளிக் செய்யுங்கள். பார்ம்ஸ் டேப்பில் கிரியேட் எ நியூ பார்ம் கட்டத்தை டிக் செய்து, ஒரு பெயரும் அளவும் கொடுத்துச் சேவ் செய்திடுங்கள். பிறகு பிரிண்டரின் ப்ரிபரன்சஸ் பகுதியிலும், எக்ஸெல் பேஜ் செட்டப்பிலும் அந்த அளவைத் தேர்வு செய்யுங்கள். இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் பழைய கதைதான்.

ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் திடீரென நின்றால்

யுஎஸ்பி கேபிளை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து யுஎஸ்பி002 என்று போர்ட் உண்டாக்கலாம். பழைய பெயருக்கு அனுப்பினால் ஆப்லைன் என்று காட்டும். ப்ராப்பர்டீஸ், போர்ட்ஸ் டேப்பில் சரியான போர்ட்டை டிக் செய்திடுங்கள். எந்த ஓட்டையில் செருகினீர்களோ அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது இன்னும் எளிது.

விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட் என்று ஒரு வசதி வந்துள்ளது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதை ஆன் செய்தால், கம்பெனி டிரைவரை நம்பியிருக்கும் பழைய பிரிண்டர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை ஆப் நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

மேலும், பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே போட்ட டிரைவர் இதனால் நின்றுவிடாது. ஆனாலும் இன்று கிடைக்கும் டிரைவர் பைலை இன்றே இறக்கி, பென் டிரைவில் ஒன்றும் மெயிலில் ஒன்றுமாக வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

விண்டோஸ் கைவிட்டால் லினக்ஸ்

64 பிட் டிரைவர் எங்குமே இல்லை என்றால் லினக்ஸ் முயன்று பாருங்கள். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே கம்ப்யூட்டரை அதிலிருந்து துவக்கலாம். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று சோதித்த பின் முடிவெடுங்கள். இவற்றில் பிரிண்டர் வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற சாப்ட்வேரில் எப்சன் 9 ஊசி, 24 ஊசி டிரைவர்கள் உண்டு. லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கும் ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் இருக்கிறது.

இதில் ஒரு சுவையான வரலாறு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. அதன் சாப்ட்வேரைத் திருத்திப் பேப்பர் சிக்கினால் தகவல் வரும்படி செய்ய நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் ஒரு காரணமாகி, 1983-ல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு பிரிண்டர் டிரைவரில் முளைத்த இயக்கம் இன்று நம் பழைய பிரிண்டர்களுக்கு வாழ்வு கொடுக்கிறது!

ஏமாந்து விடாதீர்கள்

டிரைவர் தேடும்போது முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் இலவச சாப்ட்வேர்கள் வேண்டாம். பிரிண்டர் கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லும் சாப்ட்வேரைப் போட்டுக் கம்ப்யூட்டரை அவர்கள் கையில் ஒப்படைக்காதீர்கள். பிரிண்டர் ஓட வைக்க ஓடிபியோ வங்கி விவரமோ தேவையே இல்லை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எப்போது விடை கொடுப்பது?

செல்ப் டெஸ்ட்டே வரவில்லை, ரிப்பனோ டோனரோ கிடைக்கவில்லை, பழுது பார்க்கும் செலவு புதுப் பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டுகிறது: இவற்றில் ஒன்று நேர்ந்தால் விட்டுவிடலாம். அப்போதும் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ, பழையதைத் திரும்பப் பெறும் கம்பெனி மையத்திடமோ கொடுங்கள்.

பெரியப்பாவின் பிரிண்டருக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அன்று மாலை நாலரை மணிக்கு ஒரு லாரி மேடையில் ஏறியது. எடை டைப் ஆயிற்று. பிரிண்டர் தன் பழைய கரகர குரலில் மூன்று பிரதி அடித்தது; தலைப்பில் மேடையின் பெயர் தமிழில். பெரியப்பா மூன்றாவது பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, கடைசி வரி வரை கார்பன் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழுந்திருந்தது. மடித்துப் பைலில் வைத்துவிட்டு, "அடுத்த வண்டி வருது, கொஞ்சம் நகரு தம்பி" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் பிரிண்டரையும் இந்த வாரம் இறக்குங்கள். தூசி தட்டிச் செல்ப் டெஸ்ட் கொடுங்கள். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், ஓட வைப்பது பெரும்பாலும் கடினமல்ல.